துண்டை எங்கே வைத்து வாசிப்பது?

(கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். கணினி தெரியாதவர்களுக்கும் விளங்க வேண்டும் என்ற எண்ணத்தில்தான் எழுதியிருக்கிறேன்.)

போன வருடம் நான் விட்ட ஒரு பிழையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எல்லயைச் சுற்றியுள்ள சில பாடசாலைகளின் தரம் 11 கணிதப் புள்ளிகளை நாங்கள் சில ஆசிரியர்கள் சேர்த்து வைத்திருந்தோம். சனிக்கிழமை மேலதிக வகுப்பு எந்தப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு அவசரமாகத் தேவை என்று பார்த்து, கைவசம் இருக்கிற ஓரிரு ஆசிரியர்களை அங்கே அனுப்புவதுதான் திட்டம். கணக்குப் பார்க்கும் பொறுப்பு என்னுடையது. 'ஆர்' என்ற புள்ளிவிபர மொழியை அப்போதுதான் பழகிக்கொண்டிருந்தேன். பாடசாலையின் பெயரைக் கொடுத்தால் அதன் சராசரியைத் தருகிற மாதிரி நாலைந்து வரியில் ஒரு சார்பு எழுதினேன். ஒரு தோட்டப் பாடசாலையின் பெயரைக் கொடுத்தேன். வந்த எண் பரவாயில்லை என்று சொல்லக்கூடியதாக இருந்தது. "அங்கே இப்ப அவசரமில்லை" என்று கூட்டத்தில் நானே சொன்னேன். ஆசிரியர்கள் வேறு இடத்துக்குப் போனார்கள்.

ஒரு தவணை கழிந்த பிறகு இன்னொரு பாடசாலையின் பெயரைக் கொடுத்துப் பார்த்தேன். அதே எண். தசமத்துக்குப் பின்னாலும் அதே எண். மூன்றாவது பாடசாலைக்கும் அதே. அப்போதுதான் வயிற்றில் புளியைக் கரைத்தது. நான் பார்த்திருந்தது எந்தவொரு பாடசாலையின் சராசரியும் அல்ல, எல்லாப் பிள்ளைகளையும் ஒன்றாகப் போட்டு எடுத்த சராசரி. அந்தத் தோட்டப் பாடசாலையின் உண்மையான சராசரி அதைவிட வெகு கீழே கிடந்தது. கணினி ஒரு பிழைச் செய்தியும் காட்டவில்லை. கேட்டதும் பதில் தந்தது, அவ்வளவுதான்.

எங்களிடம் படித்து இப்போது பல்கலைக்கழகத்தில் புள்ளிவிபரவியல் படிக்கிற ஒரு பிள்ளை இருக்கிறாள். பசறைப் பக்கத்துத் தோட்டம். அவளுக்குத்தான் அந்த நாலைந்து வரியைப் படமெடுத்து அனுப்பி, "மகள், இதுல என்ன பிழை?" என்று கேட்டேன். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது.

"சேர், நீங்க குடுத்துவிட்ட துண்டு சரிதான். அத வாசிச்ச எடந்தான் பிழை."

இந்த ஒரு வசனத்தை முழுதாக விளங்கிக்கொள்ள எனக்குப் பல மாதங்கள் எடுத்தது. அதற்குப் பின்னால் அறுபது வருடத்துக்கும் மேலான ஒரு வரலாறு இருக்கிறது. அதில் நமது தேயிலை மலைக்கும் ஒரு சின்னப் பங்கு உண்டு. அதைத்தான் இன்று எழுதுகிறேன்.

*

தோட்டத்து மூத்தவர்களுக்குத் துண்டு என்றால் வெறும் கடதாசி அல்ல. வெள்ளைக்காரர் காலத்தில், ஒரு தோட்டத்தில் கடன்பட்டிருக்கும் தொழிலாளர் வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் துண்டு வேண்டும். 'இந்த ஆட்களுடைய கடன் இத்தனை ரூபாய், அதைக் கட்டினால் இவர்களை விடுவிக்கிறேன்' என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. அதை எடுத்துக்கொண்டு கங்காணி வேறு தோட்டம் தேடிப் போவார். புதிய துரை பணத்தைக் கட்டினால் ஆட்கள் இடம் மாறுவார்கள். கடனும் அவர்களோடு கூடவே வரும். 1921இல்தான் இந்தத் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. எத்தனை குடும்பங்களின் கதை அந்தக் கடதாசியில் இருந்தது என்பதை நான் சொல்லி நீங்கள் அறிய வேண்டியதில்லை.

இங்கே எனக்குத் தேவையானது அந்தத் துண்டின் இரண்டு தன்மைகள்.

ஒன்று: துண்டு பணம் அல்ல. பிறகு நிறைவேற்றப்பட வேண்டிய ஒரு வசனம். கையில் இருக்கும்வரை அது எழுத்து மட்டும்தான். யாராவது வாசித்து நிறைவேற்றினால்தான் காரியம் நடக்கும்.

இரண்டு: அதில் எழுதியிருக்கும் பெயர்களுக்கு எழுதிய தோட்டத்துச் செக்ரோலில்தான் பொருள். துண்டில் 'ராமசாமி' என்று இருந்தால், அது அந்தத் தோட்டத்து ராமசாமி. வாசிக்கிற தோட்டத்துச் செக்ரோலிலும் ஒரு ராமசாமி இருக்கலாம். அவர் வேறு ஆள்.

இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால் மீதிக் கதை இலேசு.

*

பெரும்பாலான கணினி மொழிகளில் துண்டுக்கு இடமில்லை. 'சராசரி(புள்ளிகள்)' என்று எழுதினால், கணினி முதலில் 'புள்ளிகள்' என்ற பெயருக்குள் என்ன எண்கள் இருக்கின்றன என்று பார்க்கும். எண்களை மட்டும் எடுத்து 'சராசரி' என்ற சார்பின் கையில் கொடுக்கும். நாம் எழுதிய சொல் அங்கே போய்ச் சேராது. நிறுவைக்காரர் கொழுந்தை நிறுத்து கிலோவை மட்டும் எழுதிக்கொள்வதைப் போல. எந்த மலையில் பறித்தது என்பது அந்த எண்ணில் இருக்காது.

ஆர் மொழி அப்படி அல்ல. அதில் எனக்கு முதன்முதலில் ஆச்சரியம் தந்தது ஒரு சின்ன விடயம். பிள்ளைகளின் உயரத்தையும் நிறையையும் கொடுத்து ஒரு வரைபு கீறச் சொன்னேன். வரைபு வந்தது. அதன் அச்சுகளில் நான் வைத்திருந்த பெயர்களே, உயரம், நிறை என்று, தானாக எழுதப்பட்டிருந்தன. நான் எழுதச் சொல்லவில்லை. எண்கள் மட்டும் போய்ச் சேர்ந்திருந்தால் இந்தப் பெயர்கள் அதற்கு எப்படித் தெரியும்?

விடை: போய்ச் சேர்ந்தது எண்கள் அல்ல, துண்டு. நான் எழுதிய சொல்லை அப்படியே, கணிக்காமல், சார்பு கையில் வாங்கியிருக்கிறது. அந்தச் சொல்லை எழுத்தாகவும் பார்க்கலாம், வேண்டிய நேரத்தில் நிறைவேற்றி எண்ணாகவும் மாற்றலாம். கையில் வந்த துண்டைப் பிரிக்காமல் எடுத்துப் பார்க்கும் கருவிக்கு ஆரில் 'சப்ஸ்டிட்யூட்' என்று பெயர். அதை வாசிக்கக்கூடிய எழுத்தாக மாற்றுவது 'டிபார்ஸ்'. நிறைவேற்றுவது 'ஈவல்'.

*

இந்த யோசனை புதியதல்ல. ஒரு சொல்லைப் பயன்படுத்துவதும் அந்தச் சொல்லைப் பற்றியே பேசுவதும் வேறு வேறு என்பது மொழி ஆராய்ந்தவர்களுக்கு எப்போதோ தெரியும்.

'எல்ல மலைமேல் இருக்கிறது' என்றால் நான் ஊரைச் சொல்கிறேன். 'எல்ல என்பது மூன்றெழுத்து' என்றால் ஊரைச் சொல்லவில்லை, சொல்லைச் சொல்கிறேன். ஊருக்கு எழுத்துக் கிடையாது. தமிழில் 'என்பது', 'என்று' ஆகியவை இந்த வேலையைச் செய்கின்றன. 'நாளைக்கு வருகிறேன் என்றான்' என்னும்போது நான் வருவதாகச் சொல்லவில்லை. அவன் வாயில் வந்த வசனத்தை அப்படியே எடுத்து வைக்கிறேன், அவ்வளவுதான். அந்த 'நாளை' அவன் சொன்ன நாளுக்கு அடுத்த நாள். நான் இதை உங்களுக்குச் சொல்லும் நாளுக்கு அடுத்த நாள் அல்ல. அதைக் கவனிக்காமல் வாசித்தால் பஸ்ஸைத் தவறவிடுவோம்.

சமஸ்கிருத இலக்கணம் எழுதிய பாணினி இதை ஒரு விதியாகவே வைத்திருக்கிறார். அவருடைய அஷ்டாத்யாயியில் முதல் அத்தியாயம், முதல் பாதம், 68ஆவது சூத்திரம்: இலக்கண விதியில் ஒரு சொல் வந்தால் அதன் பொருளை எடுக்காதே, அந்தச் சொல்லின் வடிவத்தையே எடு. கலைச்சொற்களுக்கு மட்டும் விலக்கு. 'நெருப்பு' என்ற சொல்லுக்கு ஒரு விகுதி சேர்க்கச் சொன்னால், அடுப்பிலே கொண்டுபோய்ச் சேர்க்கக் கூடாது என்பதுதான் விடயம்.

கணினிக்கு இதைக் கொண்டு வந்தவர் ஜோன் மக்கார்த்தி. அமெரிக்காவின் எம்.ஐ.ரி.யில் 1958இல் அவர் 'லிஸ்ப்' என்ற மொழியைத் தொடங்கினார். 1960 ஏப்ரலில் அதைப் பற்றிய கட்டுரை வெளிவந்தது. லிஸ்ப்பில் தரவும் பட்டியல், கட்டளையும் பட்டியல். ஆகவே ஒரு கட்டளையை எடுத்து, எண்களின் பட்டியலை ஆராய்வதைப் போலவே பிரித்துப் பார்க்கலாம். 'குவோட்' என்று முன்னால் போட்டால் கணினி அந்தக் கட்டளையைச் செய்யாது, கையில் எடுத்து வைத்துக்கொள்ளும். நம்முடைய 'என்று' மாதிரி. 'ஈவல்' என்றால் இப்போது நிறைவேற்று என்று பொருள்.

மக்கார்த்தி ஈவலை ஒரு கணிதக் கருத்தாகத்தான் கடதாசியில் எழுதினார். அவரோடு வேலை செய்த ஸ்டீவ் ரஸல் அதைப் பார்த்துவிட்டு, இதையே ஐபிஎம் 704 இயந்திரத்துக்கு எழுதிவிடலாமே என்றார். அது வாசிப்பதற்கு எழுதியது, ஓட்டுவதற்கு அல்ல என்று மக்கார்த்தி சொல்லியும், ரஸல் இருந்து எழுதி முடித்தார். ஓடியது. துண்டை வாசித்து நிறைவேற்றுகிற இயந்திரம் அன்றுதான் கிடைத்தது.

*

அதே காலத்தில் இன்னொரு வழியும் திறந்தது. 1960 ஜனவரியில் பாரிஸில் ஐரோப்பிய, அமெரிக்க அறிஞர்கள் 13 பேர் கூடி 'அல்கோல் 60' என்ற மொழியை வகுத்தார்கள். அதில் ஒரு சார்புக்குக் கொடுக்கும் சொல்லை முன்கூட்டியே கணிக்காமல், உள்ளே தேவைப்படும் ஒவ்வொரு தடவையும் கணிக்கும் முறை இருந்தது. கோப்பன்ஹேகனைச் சேர்ந்த யோர்ன் யென்சன் இதை வைத்து ஓர் அழகான உத்தி செய்தார். உள்ளே ஓர் எண்ணை மாற்றிக்கொண்டே போனால், வெளியிலிருந்து வந்த அதே சொல் ஒவ்வொரு தடவையும் வேறு பெறுமானம் தரும். ஒரே சார்பை வைத்து எந்தத் தொடரையும் கூட்டிவிடலாம்.

இதை இயந்திரத்தில் செய்து காட்டும் வழியை 1961இல் பீட்டர் இங்கர்மன் எழுதினார். கணிக்காத சொல்லையும் அதைக் கணிக்க வேண்டிய இடத்தின் விலாசத்தையும் சேர்த்துக் கட்டிய ஒரு சின்னப் பொட்டலம் அது. 'தங்க்' என்று அதற்குப் பெயர். விலாசம் என்ற சொல்லைக் கவனியுங்கள். எழுதியவனுடைய இடத்தில் வைத்து வாசிக்க வேண்டும் என்பது அப்போதே அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஒவ்வொரு தடவையும் கணிப்பது வீண் வேலை. ஒரு தடவை கணித்ததும் விடையைத் துண்டிலேயே குறித்து வைத்தால் என்ன? 1971இல் ஒக்ஸ்போர்டில் கிறிஸ்டோபர் வாட்ஸ்வர்த் தனது ஆய்வேட்டில் இதை எழுதினார். 1976இல் வெவ்வேறு இடங்களிலிருந்து வந்த இரண்டு கட்டுரைகள் இதை மொழிகளுக்குள் கொண்டு வந்தன. தேவைப்படும்வரை கணிக்காதே, கணித்தால் ஒரு தடவைதான் கணி. சோம்பேறிக் கணிப்பு என்று இதைப் பகிடியாகச் சொல்வார்கள். சோம்பேறித்தனம் அல்ல, சிக்கனம்.

*

இனி நமது தேயிலைக்கு வருவோம்.

இங்கிலாந்தில் ரொதம்ஸ்டெட் என்ற விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் 1919இல் ரொனால்ட் பிஷர் சேர்ந்தார். வயல் பரிசோதனை எப்படிச் செய்ய வேண்டும், வரும் எண்களை எப்படிப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதற்கு இன்று உலகம் பின்பற்றும் வழிகளில் பல அங்கேதான் உருவாயின. அவரோடு அங்கே வேலை செய்தவர் டி. ஈடன். தானியப் பயிர்களுக்கு மேலுரம் இடுவதைப் பற்றி இருவரும் சேர்ந்து 1927இல் கட்டுரை வெளியிட்டார்கள். பிறகு ஈடன் இலங்கைக்கு வந்து, 1925இல் ஆரம்பிக்கப்பட்டிருந்த தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலை செய்தார். இன்று தலவாக்கலையில் தலைமையகமும் நமது பசறையில் ஊவாவுக்கான நிலையமும் இருக்கிற அதே நிறுவனம்தான். தேயிலை விளைச்சல் பரிசோதனைகளில் வரும் பிழையின் அளவைப் பற்றி 1931இல் அவர் எழுதினார்.

மலைச்சரிவில் இது எவ்வளவு முக்கியம் என்று கொழுந்து எடுத்தவர்களுக்குத் தெரியும். மேல் வரிசைச் செடியும் ஓடைக்கரைச் செடியும் ஒன்றல்ல. புதிய உரத்தைக் கீழே மட்டும் போட்டுவிட்டு, விளைச்சல் கூடிவிட்டது என்று சொன்னால் அது உரத்தாலா, மண்ணாலா? அதனால் மலையைத் தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு தொகுதிக்குள்ளும் எல்லா உரத்தையும் குலுக்கல் முறையில் போடுவார்கள். விளைச்சலில் எவ்வளவு தொகுதியால் வந்தது, எவ்வளவு உரத்தால் வந்தது என்று பிறகு பிரிப்பார்கள்.

இதைக் கணினிக்கு எப்படிச் சொல்வது? 'ஜென்ஸ்டாட்' என்ற மென்பொருள் ரொதம்ஸ்டெட்டில் வளர்ந்த காலத்தில், 1973இல், வில்கின்சனும் ரொஜர்ஸும் ஒரு குறியீட்டு முறையை வெளியிட்டார்கள். அந்த வழியில் வந்ததை இன்று ஆரில் இப்படி எழுதுகிறோம்:

விளைச்சல் ~ தொகுதி + உரம்

இந்த வரியை நான் பிள்ளைகளிடம் காட்டினால், "சேர், தொகுதியையும் உரத்தையும் எப்படிக் கூட்டுறது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. மூன்றாம் தொகுதியோடு யூரியாவைக் கூட்ட முடியாது. இங்கே '+' கூட்டல் அல்ல, 'இதையும் கணக்கில் எடு' என்று பொருள். கணினி இந்த வரியைக் கண்டவுடன் வழமைபோல் கணிக்கப் புறப்பட்டால் முதல் அடியிலேயே விழுந்துவிடும். ஆகவே இந்த வரியைக் கணிக்காமல் கையில் எடுத்து, எழுத்தாக வாசித்து, அதன் பொருளை வேறு விதமாக விளங்கிக்கொள்ள வேண்டும். புள்ளிவிபரவியலாளர்களுக்குத் துண்டு தேவைப்பட்டதற்கு ஒரு பெரிய காரணம் இதுதான். நமது மலைகளில் போட்ட மாதிரியான பரிசோதனைகளைத் தங்கள் வாய்வழக்கிலேயே கணினிக்குச் சொல்ல அவர்கள் விரும்பினார்கள்.

*

அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் பெல் ஆய்வுகூடத்தில் 1976இல் ஜோன் சேம்பர்ஸ், ரிக் பெக்கர் முதலானவர்கள் 'எஸ்' என்ற புள்ளிவிபர மொழியைத் தொடங்கினார்கள். 1988இல் அதை அடியோடு மாற்றி எழுதினார்கள். பெக்கர், சேம்பர்ஸ், அலன் வில்க்ஸ் மூவரும் எழுதிய நூலை அட்டையின் நிறத்தால் 'நீலப் புத்தகம்' என்பார்கள். அதில் சப்ஸ்டிட்யூட், டிபார்ஸ், ஈவல் எல்லாம் பாவனையாளர் கைக்கே வந்துவிட்டன. 1992இல் சேம்பர்ஸும் ட்ரெவர் ஹேஸ்டியும் தொகுத்த 'வெள்ளைப் புத்தகம்' மேலே சொன்ன '~' சூத்திரத்தைக் கொண்டு வந்தது.

எஸ் நல்ல மொழி. ஆனால் காசு கொடுத்து வாங்க வேண்டும். நியூசிலாந்தின் ஓக்லாந்து பல்கலைக்கழகத்தில் ரொஸ் இஹாக்கா, ரொபர்ட் ஜென்டில்மன் என்ற இரண்டு விரிவுரையாளர்கள் தங்கள் மாணவர்களின் ஆய்வுகூடத்துக்கு ஒரு மொழி வேண்டும் என்று தாங்களே எழுதத் தொடங்கினார்கள். இஹாக்கா லிஸ்ப்பின் பிள்ளையான 'ஸ்கீம்' என்ற மொழியைப் படித்து அதில் ஈடுபாடு கொண்டவர். சின்ன ஸ்கீம் இயந்திரமொன்றைக் கட்டி, அதற்கு எஸ்ஸின் சட்டையைப் போட்டார்கள். இருவரின் பெயரும் தொடங்கும் எழுத்து ஆர். மொழிக்கும் அதே பெயர். 1993இல் வெளியே அறிவித்தார்கள். 1995இல் இலவச மென்பொருளாக எல்லோருக்கும் திறந்து விட்டார்கள். முதலாவது முழுப் பதிப்பு 2000 பெப்ரவரி 29இல் வந்தது. எல்லயில் இருக்கும் ஒரு கணித வாத்தியார் ஒரு சதமும் செலவழிக்காமல் அதைப் பாவிப்பது அந்த முடிவால்தான்.

ஆரில் ஒரு சார்புக்குப் போகும் ஒவ்வொரு சொல்லும் ஒரு பொட்டலமாகப் போகிறது. அதற்குள் மூன்று விடயங்கள் உண்டு: எழுதிய சொல், அது எழுதப்பட்ட இடம், ஒரு தடவை கணித்த பிறகு அதன் பெறுமானம். இந்தப் பொட்டலத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'ப்ராமிஸ்'. வாக்குறுதி! துரை எழுதிய துண்டும் ஒரு வாக்குறுதிதானே. இதைப் படித்த அன்று நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

*

அப்படியென்றால் எனக்கு எங்கே பிழைத்தது? எழுதப்பட்ட இடம் பொட்டலத்துக்குள்ளேயே இருக்கிறதே?

இருக்கிறது. ஆனால் சார்பு விரும்பினால் சொல்லை மட்டும் உருவி எடுத்து, வேறு இடத்தில் வைத்து வாசிக்கலாம். நான் பாவித்த 'சப்செட்' என்ற கருவி அதைத்தான் செய்கிறது. அட்டவணையில் வேண்டிய வரிகளைத் தெரிவு செய்யும் கருவி அது. நாம் கொடுக்கும் நிபந்தனையைக் கணிக்காமல் வாங்கும். அதிலுள்ள ஒவ்வொரு பெயரையும் முதலில் அட்டவணைக்குள் தேடும். அங்கே கிடைக்காவிட்டால் மட்டும் கூப்பிட்டவரின் இடத்தில் தேடும். இதனால்தான் ஒவ்வொரு தடவையும் அட்டவணையின் பெயரைச் சொல்லாமல், 'புள்ளி < 35' என்று நறுக்கென எழுத முடிகிறது. எவ்வளவு வசதி!

நான் எழுதிய நிபந்தனை இது:

பாடசாலை == பாடசாலை

இடது பக்கத்தில் இருப்பது அட்டவணையின் நிரல். வலது பக்கத்தில் இருப்பது நான் சார்புக்குக் கொடுத்த பெயர். என் மனதில் இரண்டும் வேறு வேறு. ஆனால் சப்செட் இரண்டையும் முதலில் அட்டவணைக்குள் தேடியது. இரண்டும் அங்கேயே கிடைத்தன. ஒவ்வொரு வரியிலும் அந்தப் பிள்ளையின் பாடசாலை அந்தப் பிள்ளையின் பாடசாலைக்குச் சமமா என்று கேட்டது. சமம்தானே! எல்லா வரியும் தேறியது. நான் கொடுத்த பெயரைக் கணினி ஏறிட்டும் பார்க்கவில்லை. என் துண்டில் இருந்த ராமசாமிக்கு, வாசித்த தோட்டத்து ராமசாமியைப் பிடித்துக் கொடுத்துவிட்டது.

இது எனக்கு மட்டும் நடந்த பிழை அல்ல என்பது ஓர் ஆறுதல். லிஸ்ப் உலகில் 1980இலேயே கென்ட் பிட்மன் என்பவர், சொற்களைக் கணிக்காமல் வாங்கும் இந்த வகைச் சார்புகளைக் கைவிட வேண்டும் என்று வாதித்தார். ஒரு வரியைப் பார்த்தவுடன் எது கணிக்கப்படும், எது கணிக்கப்படாது என்று வாசிப்பவருக்கும் தெரியாது, மொழிபெயர்க்கும் இயந்திரத்துக்கும் தெரியாது என்பது அவர் வாதம். லிஸ்ப் அதன் பிறகு பெரும்பாலும் அந்த வழியிலிருந்து விலகியது. ஆர் விலகவில்லை, அதன் வசதியே அதில்தான் இருக்கிறது. ஆனால் எச்சரிக்கை இருக்கிறது. சப்செட்டின் உதவிப் பக்கத்திலேயே, இது நேரடியாகத் தட்டச்சு செய்து பார்ப்பதற்கு, சார்பு எழுதும்போது வேறு வழியைப் பாவிப்பது நல்லது என்று எழுதியிருக்கிறார்கள். நான் வாசிக்கவில்லை. பரீட்சை மண்டபத்தில் 'அறிவுறுத்தலை முதலில் வாசியுங்கள்' என்று பிள்ளைகளுக்குச் சத்தம் போடுகிறவன் நான்!

இதை ஒழுங்குபடுத்தவும் ஆட்கள் முயன்றார்கள். 2003இல் தோமஸ் லம்லி, ஆரின் இந்த விதிவிலக்கான கணிப்புகளுக்கு ஒரு பொது விதி எப்படி இருக்கலாம் என்று எழுதினார். '~' போட்ட சூத்திரம் தான் எழுதப்பட்ட இடத்தையும் தன்னோடு வைத்திருக்கும். அட்டவணையில் இல்லாத பெயரை அந்த இடத்தில் தேடுவது ஒழுங்கான வழி. 2014இல் ஹட்லி விக்கமும் கூட்டாளிகளும் வெளியிட்ட 'டிப்ளையர்' என்ற பொதி இந்த வசதியை இலட்சக்கணக்கானவர்களின் கைக்குக் கொண்டு போனது. அதோடு என் போன்றவர்களின் பிழைகளும் பெருகின. 2017இல் லியோனல் ஹென்றியும் விக்கமும் 'ரிலாங்' என்ற பொதியில், சொல்லையும் அது பிறந்த இடத்தையும் பிரிக்க முடியாதபடி ஒன்றாகக் கட்டினார்கள். இது அட்டவணையுடையது, இது என்னுடையது என்று பெயருக்கு முன்னால் ஊரைப் போட்டு எழுதும் வழியும் வந்தது. 2019இல் இரட்டைச் சுருள் அடைப்பு வந்தது. ஒருவர் தந்த துண்டைப் பிரிக்காமல் அடுத்தவர் கைக்கு மாற்றிவிடும் வழி அது.

1961இல் இங்கர்மன் பொட்டலத்தில் விலாசத்தையும் சேர்த்துக் கட்டினார். விலாசத்தைக் கழற்றிவிட்டால் என்ன நடக்கும் என்று பட்டு அனுபவித்து, திரும்பவும் சேர்த்துக் கட்டுவதற்கு அரை நூற்றாண்டு எடுத்திருக்கிறது.

*

என் பிழையைத் திருத்த ஒரு நிமிடம் போதுமாக இருந்தது. நான் கொடுக்கும் பெயரை 'கேட்டபாடசாலை' என்று மாற்றினேன். அட்டவணைக்குள் அப்படியொரு பெயர் இல்லை. ஆகவே கணினி வெளியே வந்து என்னிடம் கேட்டது. சரியான சராசரி வந்தது.

ஆனால் அந்தத் தவணையை யாரும் திருப்பித் தர முடியாது. அந்தத் தோட்டப் பாடசாலைக்கு நானே போனேன். அதிபரிடமும் கணித ஆசிரியரிடமும் நடந்ததைச் சொன்னேன். அந்த டீச்சர் கோபப்படவில்லை. "சேர், எங்க புள்ளைகளோட நெலம எங்களுக்குத் தெரியும். நீங்க கம்ப்யூட்டர்ல பார்த்து நல்லா இருக்காங்கன்னு சொன்னதால நாங்க ஒண்ணும் பேசல்ல" என்றார்.

கணினியின் பிழையை விட இதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. வகுப்பறையில் தினமும் நிற்பவருக்கு விடை தெரிந்திருந்தது. என் எண்ணைப் பார்த்து அவர் வாயை மூடிக்கொண்டார். நானும் அவரிடம் கேட்கவில்லை. அந்தப் பிள்ளைகளின் புள்ளிகளை அவர்கள் இருந்த இடத்தில் வைத்து வாசிக்காமல், என் வீட்டு மேசையில் வைத்து வாசித்துவிட்டேன்.

அந்தத் தரம் 11 பிள்ளைகள் அந்த வகுப்பு இல்லாமலே பரீட்சை எழுதினார்கள். இப்போது அடுத்த அணிக்கு ஒவ்வொரு சனிக்கிழமையும் காலையில் அங்கே வகுப்பு நடக்கிறது. நானும் முறை போட்டுப் போகிறேன். பசறைப் பிள்ளை விடுமுறையில் வந்தால், ஆரையும் ஒரு பாடமாகக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறாள், இன்ஷா அல்லாஹ்.

பள்ளிவாசல் கணக்கோ, சங்கத்துக் கணக்கோ, பாடசாலைக் கணக்கோ, கணினியில் பார்க்கிற எல்லோரிடமும் இரண்டு விடயம் கேட்டுக்கொள்கிறேன். வந்த எண் சரியா என்று பார்க்க இன்னொரு பெயரைக் கொடுத்துப் பாருங்கள். இரண்டுக்கும் ஒரே விடை வந்தால் நின்று யோசியுங்கள். பிறகு அந்த எண்ணை, அது யாரைப் பற்றியதோ அவர்களிடமே கொண்டுபோய்க் காட்டி, "இது உங்களுக்குச் சரியாகப் படுகிறதா?" என்று கேளுங்கள். நான் இரண்டையும் செய்யவில்லை.